முதல் தண்ணீரை மறித்தவள்

அம்சவல்லி பயந்த சுபாவக்காரி என்பது தெருவுக்கே தெரியும். பல்லி விழுந்தால் பயம். விழுந்த பல்லி எங்கே போனது என்று தெரியாவிட்டால் அதைவிடப் பயம். காஸ் சிலிண்டர் மாட்டும்போது வாசலில் போய் நின்றுகொள்வாள். பஸ் டிரைவர் கண்டக்டரிடம் பேசிக்கொண்டே ஓட்டினால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவாள். காவிரித் தண்ணீரில் விளைந்த சோற்றையே தின்று ஐம்பது வயதைத் தாண்டியவள், இன்றுவரை முழங்காலுக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை. "உங்கம்மாவுக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலேன்னா, ஏன் கிடைக்கலேன்னு பயந்துடுவா" என்று புருஷன் ரெத்தினம் மகளிடம் சொல்லிச் சிரிப்பார். அம்சவல்லியும் கூடவே சிரிப்பாள். சிரித்து முடித்ததும், இப்படிச் சிரிக்கிறோமே, ஏதாவது ஆகிவிடுமோ என்று உள்ளே ஒன்று இடிக்கும்.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில் மகள் கனிமொழி ஒரு வார லீவில் ஓசூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கம்பெனியில், மெஷினிலிருந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து நல்லது கெட்டது பிரிக்கும் வேலை. நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து உட்கார்ந்து வெயில் எப்படியிருக்கும் என்பதே மறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். வெயில் அவளுக்கு நன்றாகவே ஞாபகப்படுத்தியது. கோடை போகிற போக்கில் ஒருமுறை திரும்பி முறைத்துவிட்டுப் போகிற காலம் அது. மேல்காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டும். வயல் வெடித்துக் கிடக்கும். வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை யாருக்கும் பெரிய வேலை கிடையாது. வேலை இல்லாத அந்தக் கொஞ்ச நாளை எப்படி அனுபவிப்பது என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம்.

அப்பாவும் மகளும் அனுபவித்தார்கள். காலையில் பழைய சோற்றுக்கு வெள்ளரிப் பிஞ்சும் சின்ன வெங்காயமும். பத்து மணிக்கு மேல் குளத்தங்கரைப் பனையடியில் நுங்கு. கட்டைவிரலால் தோண்டி, முழங்கைவரை வழியவிட்டுத் தின்ன வேண்டும், ஸ்பூன் கேட்டால் ரெத்தினம் முறைப்பார். மத்தியானம் கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம். ரெத்தினம் கூசாமல் திருட்டு ஆட்டம் ஆடுவார். கனிமொழி கையும் களவுமாகப் பிடிப்பாள். ராத்திரி மொட்டை மாடியில் பாய். கூலிக்காரர் மகனாகப் பிறந்து, டிராக்டர் ஓட்டி, சொந்தமாக நிலம் வாங்கி, மகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தவர் ரெத்தினம். வருஷத்தில் இந்த ஒரு வாரம்தான் அவர் சின்னப் பிள்ளையாவார்.

அம்சவல்லி இதில் ஒவ்வொன்றுக்கும் பயந்துகொண்டிருந்தாள். நுங்கு சீவும் அரிவாளுக்குப் பயந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவர் குட்டை என்று, மகளின் பாயைச் சுவரோரத்திலிருந்து இழுத்து இழுத்து நடுவில் போட்டாள். லீவு முடிந்து மகள் பஸ் ஏறும் நாளை நினைத்தும் இப்போதே பயந்தாள்.

லீவு முடியப் போகிற சமயத்தில், தாயக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்தபடி கனிமொழி கேட்டாள்: "அப்பா, நாளைக்கு சைபன்ல மீன் புடிப்போமா?"

அம்சவல்லி அடுப்படியிலிருந்தே, "வேணாம்" என்றாள்.

சைபன் என்பது ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. வெள்ளக் காலத்துத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் வடிகால் ஆறு அங்கே குறுக்கிடுவதால், பாசன வாய்க்கால் அந்த ஆற்றுக்கு அடியில் ஒரு செங்கல் சுரங்கத்தில் குனிந்து புகுந்து, மறுபக்கம் நிமிர்ந்து எழுந்து போகும். வெள்ளைக்காரன் கட்டியது. கோடையில் வாய்க்கால் காய்ந்துவிட்டாலும், சுரங்கத்தின் தாழ்ந்த நடுப்பகுதியில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். சுற்றுவட்டாரத்து விராலும் கெளுத்தியும் அங்கேதான் தஞ்சம். ஒருவர் இந்தப் பக்க வாயில் நுழைந்து, இருட்டில் கூனியபடி தண்ணீரைக் கலக்கிக்கொண்டே மீனை விரட்ட வேண்டும். இன்னொருவர் அந்தப் பக்க வாயில் வலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். கோடைக் கடைசியில் ஊரில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

"ஏங்க, கல்லணை தொறந்தாச்சுன்னு குரூப்ல போட்டிருக்கே" என்றாள் அம்சவல்லி.

"தொறந்தா உடனே உன் வீட்டுக் குழாயிலயா வந்து கொட்டும்? மேல உள்ளவன்லாம் குளத்தை ரொப்பணும். வழியில வாய்க்கால் வெடிப்பு குடிக்கணும். எல்லாம் குடிச்ச மிச்சம்தான் நமக்கு. ஆடி பொறக்காம நம்ம ஊருக்குத் தண்ணி வந்ததா சரித்திரம் இருக்கா?"

"இல்லதான். இருந்தாலும்."

"இருந்தாலும்னா?"

இருந்தாலும் என்பதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எப்போதுமே தெரிந்ததில்லை. அதனால்தான் அவள் பயத்துக்கு வீட்டில் மரியாதை இல்லாமல் போனது.

ரெத்தினம் சொன்னது அவர் ஒருவருடைய கணக்கு அல்ல. ஊரே அப்படித்தான் கணக்குப் போடும். கல்லணை திறந்த சேதி வந்ததும், இன்ன நாள் தண்ணீர் இன்ன ஊரைத் தாண்டும், இன்ன நாள் நம் மதகைத் தொடும் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அது தப்பியதே இல்லை. அந்தக் கணக்கை நம்பித்தான் விதை ஊறவைப்பார்கள், கல்யாணத் தேதி குறிப்பார்கள். ஆனால் அந்தச் சித்திரையில் மேலே நெடுந்தூரத்துக்கு வாய்க்காலின் இரண்டு பக்கமும் அடித்தளமும் சிமெண்டு போட்டிருந்தார்கள். குடிப்பதற்கு அங்கே வெடிப்பு ஏது? இதை ஊரில் எல்லாரும் பார்த்தார்கள், போய் நின்று செல்ஃபிகூட எடுத்தார்கள். கணக்கில் சேர்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலைச் சோறு ஆனதும் இருவரும் கிளம்பினார்கள். போன வருஷம் ரெத்தினத்தின் போன் சேற்றில் விழுந்து செத்துப்போனதால், இந்த முறை இரண்டு போனையும் டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்கள். "மசாலா அரைச்சு வை அம்சா, மீனோட வர்றோம்" என்றார் ரெத்தினம். வாசல் தாண்டும்போது கனிமொழி திரும்பி, "அம்மா, பாம்பு இருந்தா உன் பேரைச் சொல்லிடுறேன், அது பயந்து ஓடிடும்" என்றாள்.

அம்சவல்லி மிளகாயை வறுத்தாள். அது கருகியது. வேறு மிளகாய் எடுத்து வறுத்தாள். உள்ளே மூச்சு முட்டுமோ, செங்கல் பெயர்ந்து விழுமோ, பாம்பு நிஜமாகவே இருக்குமோ என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பயந்தாள். தண்ணீருக்கு மட்டும் அவள் அப்போது பயப்படவில்லை. ஆடி பிறக்காமல் வராது என்று அவளும் நம்பிவிட்டாள்.

மிக்சியை நிறுத்தியபோது குலவைச் சத்தம் கேட்டது.

மாரியம்மன் கோயில் பக்கம் ஏதோ விசேஷம் போல என்று நினைத்தாள். பிறகு வெடி வெடித்தது. தெருவில் பெண்கள் ஓடும் சத்தம். அடுத்த வீட்டுக் காளியம்மாள் கையில் தட்டும், தட்டில் செவ்வந்திப் பூவும், மஞ்சளும், ஒரு பிடி விதைநெல்லுமாக வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"அம்சா, வாடி. தண்ணி வந்துடுச்சு. கோயில் வளைவத் தாண்டிடுச்சாம். சிமெண்டு வாய்க்கால்ல குதிரை மாதிரி வருதாம்."

அம்சவல்லிக்குக் காது அடைத்தது. காளியம்மாளின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கையிலிருந்த மிக்சி ஜார் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. டிவி மேலிருந்த இரண்டு போனையும் பார்த்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கால் வந்தது. ஓடினாள்.

வாய்க்கால் கரைக்கு வந்தபோது தண்ணீரும் வந்தது. முதல் தண்ணீரை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும், அது தண்ணீர் மாதிரியே இருக்காது. சருகும் நுரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் ஒற்றைச் செருப்புமாக ஒரு குப்பைச் சுவர் நகர்ந்து வரும். அதன் முன்னால் எறும்பும் பூரானும் தவளையும் உயிருக்கு ஓடும். ஊர் வாய்க்காலுக்குச் சிமெண்டு கிடையாது என்பதால், அங்கே அது வேகம் குறைந்து, பள்ளத்தில் நின்று நிரப்பி, மறுபடி வழிந்து, ஆள் வேகமாக நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அம்சவல்லி கரைமேல் ஓடினாள். தண்ணீர் கீழே ஓடியது. கொஞ்ச தூரம் அவள் முந்தினாள், கொஞ்ச தூரம் அது முந்தியது.

கரை நெடுக ஜனம். ஒவ்வொரு துறையிலும் பெண்கள் பூவையும் நெல்லையும் தூவினார்கள். கும்பிட்டார்கள். வயசான ஆண்கள்கூடத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். ஒரு வருஷமாகக் காத்திருந்த தண்ணீர், யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? அத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் அம்சவல்லி ஒருத்திதான் அந்தத் தண்ணீரைப் பார்த்து, "வேண்டாம், வேண்டாம், போயிடு" என்று முனகிக்கொண்டு ஓடினாள். கத்த முயன்றாள். தொண்டையில் காற்றுதான் வந்தது. வந்த கொஞ்சம் சத்தத்தையும் குலவை விழுங்கியது. தண்ணீரோடு ஓடுகிறாள், அவ்வளவு ஆசை என்று நினைத்து, இரண்டு பேர் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள்.

ஊர் எல்லையில் ஒரு மதகு; அதன் இரண்டு கண்களில், அதாவது தண்ணீர் போகும் இரண்டு திறப்புகளில், வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது. இடது கண் ஊர்க் குளத்துக்கும் ஊர் வயல்களுக்கும். வலது கண் சைபன் வழியாகக் கடைமடை ஊருக்கு. அந்த இடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதல் தண்ணீர் கடைமடைக்குத்தான் போக வேண்டும். கடைசியில் இருப்பவன் வயிறு நனைந்த பிறகுதான் மேலே உள்ளவன் தொடலாம். அதனால் தண்ணீர் வருமுன்பே இடது கண்ணைப் பலகை போட்டு வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்துவிடுவார்கள். கடைமடை ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து நின்று, முதல் தண்ணீருக்குத் துணையாகக் கரையோடு நடந்து, அதைத் தன் ஊருக்கு அழைத்துப் போவான். ஒரு காலத்தில் யாரோ முதல் தண்ணீரை மறித்து, அதில் வெட்டுக் குத்து ஆகி, இரண்டு ஊருக்கும் ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கண்ணைத் தொட யாரும் நினைத்ததில்லை.

அம்சவல்லி அங்கே போய்ச் சேர்ந்தபோது, குப்பைச் சுவர் வலது கண்ணுக்குள் புகுந்துவிட்டிருந்தது. பின்னாலேயே கலங்கல் தண்ணீர் கணுக்காலளவில் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. இன்னும் பெரிய தண்ணீர் பின்னால் வந்துகொண்டிருந்தது. மதகடியில் மண்வெட்டியோடு நின்றவர் செல்லதுரை. ஊருக்குத் தண்ணீர் பார்க்கிறவர். அவர் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைமடை ஊர் காத்தான் நின்றான். தண்ணீருக்குத் துணை போகத் தன் டிவிஎஸ் வண்டியை வேப்ப மரத்தடியில் விட்டுவிட்டு நடக்கத் தயாராக இருந்தான்.

"அடைங்க" என்றாள் அம்சவல்லி. மூச்சு வாங்கியது. "தம்பி, அடைங்க. சைபன்ல கனி இருக்கு. அதுவும் அவ அப்பாவும் மீன் புடிக்கப் போயிருக்காங்க."

செல்லதுரை சிரித்தார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் சிரித்தார். "அண்ணி, ரெத்தினம் அண்ணனுக்கா தண்ணி வர்றது தெரியாது? இந்நேரம் வெளியில வந்து கரையில உக்காந்திருப்பாரு. நீங்க பதறாதீங்க."

"தெரியாது தம்பி. ஆடிக்குத்தான் வரும்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு அந்தாண்ட வாயில வலையோட இருப்பாரு. நடுவுல ஆத்துக்கரை. இந்தப் பக்கம் தண்ணி வர்றது அவருக்குத் தெரியாது. புள்ள உள்ள இருக்கு."

"போன் போட்டீங்களா?"

"போன் வீட்டுல கிடக்கு."

செல்லதுரை வலது கண்ணைப் பார்த்தார், காத்தானைப் பார்த்தார், காத்தானுக்குப் பின்னால் ஏதோ கூட்டம் நிற்பது போல அந்தப் பக்கமும் பார்த்தார். "முதல் தண்ணியாச்சே அண்ணி. நான் எப்படி மறிக்கிறது? இடது கண்ணைத் தொறந்துட்டோம்னு நாளைக்கு ஊர்ப் பேச்சாயிடும். ஓடிப் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுவோம், இருங்க." அம்சவல்லிக்குப் பயம் வருவது செய்தியா என்ன? தெருக்கூட்டத்தில் டிரான்ஸ்பார்மர் வெடிக்கப் போகிறது என்று அவள் எழுந்து ஓடியதையெல்லாம் பார்த்தவர் அவர்.

அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆயுள் முழுக்கச் சின்னதுக்கெல்லாம் பயந்து பயந்து, பெரிய பயம் வரும்போது அதைச் சொல்லி நம்பவைக்க வழியில்லாமல் செய்துகொண்டவள் அவள்தான். அது அந்த நிமிஷத்தில் அவளுக்கே உறைத்தது. இனி வாயால் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

கரையிலிருந்து சறுக்கி இறங்கினாள். முள் கிழித்தது. தண்ணீர் அதற்குள் முழங்காலுக்கு ஏறியிருந்தது. முழங்காலைத் தாண்டியும் அவள் திரும்பவில்லை. வலது கண் ஒரு வாசற்படி அகலம். அதன் குறுக்கே, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால்களை இரு பக்கச் சுவரிலும் உதைத்து, உட்கார்ந்தாள். தண்ணீர் முதுகில் மோதிக் கழுத்துவரை எழுந்தது. வாய்க்குள் சருகு போனது. கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். பயத்தில் அழுதாள் என்பதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

கரையில் குலவை நின்றது.

முதலில் இறங்கியவள் காளியம்மாள்தான். பூத்தட்டைக் கரையில் வைத்தாள். "அடி அம்சா, நகந்து உக்காரு" என்று சொல்லி, அவள் பக்கத்தில் தண்ணீருக்குள் பொத்தென்று உட்கார்ந்தாள். பருத்த உடம்பு அவளுக்கு. மிச்சமிருந்த இடைவெளியில் பெரும்பகுதி அடைந்துபோனது. "உனக்குத் தண்ணின்னா ஆகாதேடி. நீயே இறங்கி உக்காந்திருக்கேன்னா நெசமாத்தான் இருக்கும்" என்றாள்.

செல்லதுரை இன்னும் காத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார். காத்தானுக்கு முப்பது வயதிருக்கும். அவன் ஊரில் எல்லாரும் இந்நேரம் பூவோடு காத்திருப்பார்கள். தண்ணீர் எங்கே என்று கேட்டால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் வேட்டியோடு இடது கண்ணில் குதித்து, களிமண்ணை இரு கையாலும் பிய்த்து எறிந்து, மேல் பலகையை உருவினான்.

"என்ன அண்ணே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எங்க ஊர்த் தண்ணி, நான் சொல்றேன். எடுத்து அந்தாண்ட போடுங்க. நான் ரோடு சுத்தி மறுகரைக்குப் போறேன்" என்றவன், ஈர வேட்டியோடு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

பலகைகள் இடம் மாறின. செல்லதுரை ஒவ்வொன்றாக வலது கண்ணின் சுவரில் வெட்டியிருந்த காடியில் இறக்கினார். அம்சவல்லியின் முதுகை உரசிக்கொண்டு அவை இறங்கின. கரையிலிருந்த ஆண்கள் வைக்கோலையும் மண்ணையும் அமுக்கினார்கள். தண்ணீர் முனகிவிட்டு இடப்பக்கம் திரும்பி ஊர்க் குளத்தை நோக்கிப் போனது. காளியம்மாள் எழுந்து புடவையைப் பிழிந்தாள். "போதும் அண்ணி, மேல வாங்க" என்றார் செல்லதுரை.

அம்சவல்லி எழுந்திருக்கவில்லை. பலகை இடுக்கில் இன்னும் கசிகிறது என்றாள். ஒருவர் போய் அதையும் அடைத்தார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு முன்னால், காய்ந்த வாய்க்காலில், ஏற்கெனவே தப்பிப் போன தண்ணீர் ஈரத் தடமாகக் கிழக்கே நீண்டு, வளைவில் மறைந்திருந்தது. எவ்வளவு போயிருக்கும்? அது போதுமா? குனிந்து நடக்கிற பெண்ணுக்கு எவ்வளவு தண்ணீர் போதும்? சின்ன வயதில் கனிமொழி குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறினால் மூச்சடைத்து முகம் சிவந்துபோவாள். அந்த முகம்தான் வந்து வந்து நின்றது. அம்மனுக்கு வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். வேண்டிக்கொள்ள வார்த்தை வரவில்லை. இனிமேல் எதற்கும் பயப்பட மாட்டேன் என்று வேண்டலாமென்றால், அது பொய் என்று அம்மனுக்கே தெரியும்.

இரண்டு பேர் கிழக்கே கரையோடு ஓடிப் போனார்கள். அவர்களும் வளைவில் மறைந்தார்கள். வெயில் உச்சியில் நின்றது. பலகைக்கு இந்தப் பக்கம் தேங்கிப்போன கொஞ்சத் தண்ணீரில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வளைவில் முதலில் தெரிந்தது ஓடிப் போன இருவரில் ஒருவர். அவர் கையை ஆட்டினார். என்ன அர்த்தம் என்று புரியவில்லை. வா என்கிறாரா, இல்லை என்கிறாரா? அம்சவல்லி அந்தக் கையைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள். பார்க்கத் துணிச்சல் இல்லை.

"அம்மா, நீ ஏன் தண்ணியில உக்காந்திருக்கே?"

கனிமொழியின் குரல்தான். நிமிர்ந்தாள். இடுப்புவரை சேறு, தலை நிறைய ஒட்டடை. பின்னால் ரெத்தினம், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, காத்தான் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். பிடித்திருந்தது யார், பிடிபட்டது யார் என்று கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது. காத்தான்தான் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தான். மறுவாயில் நின்று கூவிக் கனிமொழியை வெளியே வரவழைத்து, காய்ந்த ஆற்றைக் கடந்து இருவரையும் அழைத்து வந்தவன் அவன்தான்.

செல்லதுரையும் காளியம்மாளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அம்சவல்லியைக் கரைக்கு ஏற்றினார்கள். ஏறியதும் அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரெத்தினம் பலகைக்கு அந்தப் பக்கம் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தார். ஆள் உயரத்துக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு கரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "நான்தான் போகச் சொன்னேன்" என்றார் யாரையும் பார்க்காமல். "ஆடிக்குத்தான் வரும்னு நான்தான் சொன்னேன்." முப்பது வருஷத்தில் அந்த மனுஷர் முகத்தில் பயம் இருந்து அம்சவல்லி பார்த்ததில்லை. அதைப் பார்ப்பது அவளுக்கு நன்றாக இல்லை.

கனிமொழி மட்டும்தான் இன்னும் சிரித்த முகமாக இருந்தாள். "நடுவுல நல்ல விரால்மா, கைக்கு வந்து வழுக்கிட்டுப் போயிடுச்சு. நடுவைத் தாண்டியும் அதைத் தொரத்திக்கிட்டே போனேன். கணுக்கால்ல இருந்த தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு. அப்புறம் தொடைக்கு வந்துச்சு. பள்ளத்துக்கு வந்துட்டோம் போலன்னு நெனச்சுக்கிட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சைபனில் நடுவைத் தாண்டினால் தரை ஏறும். இறங்காது. அது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சாமான்களை நூலளவு வித்தியாசம் இல்லாமல் அளந்து சொல்கிற பெண், தன் இடுப்பில் சேறு ஏறியிருந்த அளவைக் குனிந்து பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்லதுரை காத்தானைப் பார்த்து, "உங்க ஊர்ல காத்துக்கிட்டு இருப்பாங்கப்பா" என்றார். பலகைகளை ஒவ்வொன்றாக உருவினார். தேங்கியிருந்த தண்ணீர் வலது கண்ணுக்குள் பாய்ந்தது. அம்சவல்லி உட்கார்ந்திருந்த இடம் ஒரு நொடியில் காணாமல் போனது. கரையில் மறுபடி குலவை எழும்பியது. காத்தான் தண்ணீரோடு கிழக்கே நடக்கத் தொடங்கினான்.

காளியம்மாள் தன் தட்டில் மிச்சமிருந்த செவ்வந்தியை அள்ளி அம்சவல்லியிடம் நீட்டினாள். "நீ ஒருத்திதான்டி இன்னும் போடல. வந்த தண்ணியத் திட்டியிருக்கே. போட்டுட்டுக் கும்பிட்டுக்க."

அம்சவல்லி தன் வலது கையைப் பார்த்தாள். அது மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சாமிக்கும் தண்ணீருக்கும் எதையும் வலது கையால்தான் கொடுக்க வேண்டும். விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. கனிமொழியும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அம்சவல்லி இடது கையை நீட்டிப் பூவை வாங்கினாள். இடது கையாலேயே தண்ணீரில் போட்டாள். கரை நிறையப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்திகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.